கை அமத்து

வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது என்ற செய்தி சங்கச் செயலாளர் சூசைமுத்துவுக்குச் சலூன் நாற்காலியில் வைத்துத்தான் தெரிந்தது. ஒரு கன்னம் வழித்து முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை இருந்தது. போனில் செய்தி சொன்னவர் கம்பெனி மேனேஜர் கோதண்டராமன்.

“உங்க ஸ்டிரைக்கை உடனே நிறுத்துங்க. நேத்து மத்தியானத்துலேர்ந்து கப்பல் சும்மா நிக்கறது.”

“எந்த ஸ்டிரைக்கு சார்?”

“விளையாடாதீங்கோ. ஆபீசுக்கு வாங்க.”

சூசைமுத்து கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தார். பிறகு கொம்பையாவுக்குப் போன் போட்டார். கொம்பையா லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன், சங்கத்தில் வாய் அதிகம் உள்ள ஆள்.

“ஏல, என்ன செஞ்சுக்கிட்டு இருக்க?”

“நேத்து காலையில ஏத்துன லோடுக்குத் தார்ப்பாய் கட்டிட்டு இருக்கேன் அண்ணாச்சி.”

“பேச்சியம்மா?”

“கிழிஞ்ச சாக்கத் தைக்கா. எதுக்குக் கேக்கிய?”

“நம்ம ஸ்டிரைக்கு பண்ணுதோமாம்ல.”

“நம்மளா? யாரு சொன்னா பண்ணச் சொல்லி?”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த சலூன்காரர், “இந்தப் பக்கத்தையும் வழிச்சிரவா, இல்ல ஸ்டிரைக்க முடிச்சிட்டு வாரியளா?” என்றார். சூசைமுத்து துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்று முழுவதும் அவர் அரைத்தாடியோடுதான் அலைந்தார். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரவருக்கு அவரவர் குழப்பம்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் அந்த யூரியா கிட்டங்கியில், அதாவது உரக் கிடங்கில், ஒரு காலத்தில் முந்நூறு பேர் மூட்டை தூக்கினார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கம்பெனி அவர்கள் கைகளுக்குத் தோளிலிருந்து விரல்நுனி வரை அசைவைப் பதிவு செய்யும் ஒரு மெல்லிய உறையை மாட்டிவிட்டது. ஒரு வருடம் முழுக்க அந்த உறையோடுதான் வேலை. கிட்டங்கியின் மூலைமுடுக்கெல்லாம் கேமரா. அது முடிந்ததும் மூட்டை தூக்கும் இயந்திரங்கள், இரும்பாட்கள், வந்து இறங்கின. மூட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த மூட்டை எங்கே வழுக்கும் என்று அவற்றுக்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. முந்நூறு பேரில் நன்றாகத் தூக்குகிறவர்களின் கைப்பதிவைப் பொறுக்கி இரும்பாளுக்கு ஒன்றாக ஏற்றிவிட்டார்கள். முந்நூறு பேரில் பலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் அதுவும் இல்லாமலே போனார்கள். சங்கம் மல்லுக்கு நின்று காப்பாற்றியது முப்பத்தொரு பேரை. எங்கள் கையை வைத்து இயந்திரம் ஓடும் காலம் வரை இந்த முப்பத்தொரு பேருக்கும் வெளிவேலை உண்டு என்று ஒப்பந்தம். எடைமேடை, தார்ப்பாய், சாக்குத் தையல். சூசைமுத்து இன்றைக்கும் சங்கச் செயலாளராக இருப்பது அந்த ஒரு வரியால்தான்.

மேனேஜர் அறையில் குளிர் காற்று ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர் ஃபஸீலா ஓரமாக நின்றாள். காயல்பட்டினத்துப் பெண், சிரித்துப் பேசுகிறவள். இன்று சிரிக்கவில்லை.

“இரும்பாள் எல்லாம் நின்னுடுத்து. உள்ள இருக்கறது உங்க கை. உங்க கை நின்னா நிறுத்தினது யாரு?” என்றார் கோதண்டராமன்.

“எங்க கை எங்ககிட்டதான சார் இருக்கு?” சூசைமுத்து இரண்டு கைகளையும் மேசைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“லேபர் ஆபீசர் நாளைக்குக் காலையில வர்றார். உங்க சங்கத்தோட ஸ்டிரைக்தானான்னு கேப்பார். ஆமான்னா நோட்டீஸ் குடுக்காத ஸ்டிரைக். முப்பத்தொரு பேரும் வெளியில. இல்லைன்னா, அந்தக் கையே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அதை அழிச்சுட்டு வெளிநாட்டுக் கையை ஏத்திக்கறோம். தயாரா இருக்கு.”

“எங்க கை இல்லேன்னா ஒப்பந்தமும் இல்ல. அப்பவும் வெளியதான்.”

“நான் சொல்லலை. நீங்கதான் சொல்றேள்.”

“ரெண்டு பக்கமும் அடைச்சிட்டு எந்தப் பக்கம் போறன்னு கேக்கிய.”

“மூணாவது வழி ஒண்ணு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அது ஓடணும். ஓடிடுத்துன்னா எதுவுமே நடக்கலை. ஆபீசரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்.”

சூசைமுத்து ஃபஸீலாவைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்லுத? ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?”

“பழுது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ரெண்டு தடவை அணைச்சு எழுப்பிட்டேன். எழுந்ததும் மறுபடி மூட்டையக் கீழ வச்சிட்டு, அதுக்கு மேல கையை வச்சிட்டு நின்னுடுது.”

“மேலேன்னா எப்படி? பிடிச்சிட்டா?”

“பிடிக்கல. இப்படி.” அவள் மேசையில் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக் காட்டினாள்.

சூசைமுத்து அந்தக் கையைப் பார்த்தார். சட்டென்று எழுந்து வெளியே வந்தார். ஃபஸீலா பின்னாலேயே ஓடி வந்தாள். எடைமேடையருகே அவரை எட்டிப் பிடித்தாள்.

“ஒங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு,” என்றாள் அவள்.

“தெரிஞ்சதாலதான் கொழப்பமா இருக்கு. அதுக்குப் பேரு கை அமத்து. மூட்டை தூக்குறவன் ஒருத்தன் அடிபட்டு விழுந்தாம்னா, பாத்தவன் மூட்டைய எறக்கி மேல கைய அமத்திட்டு நிப்பான். அவனப் பாத்து அடுத்தவன். ஒரு மூச்சு விடுறதுக்குள்ள கிட்டங்கி பூராவும் நின்னுரும். யாரும் சத்தம் போட மாட்டாவ.”

“எவ்வளவு நேரம்?”

“மேஸ்திரி வரணும். விழுந்தவனுக்குப் பக்கத்து மூட்டைகிட்டப் போயி, அவம் பேரச் சத்தமாச் சொல்லி, ‘பாத்துக்கிடுவோம்’னு சொல்லி, மூட்டைய ரெண்டு தட்டுத் தட்டணும். பொறவுதான் வேல. கடைசியா நாந்தான் மேஸ்திரி.”

ஃபஸீலா நடப்பதை நிறுத்தினாள். “உறை மாட்டியிருந்த வருஷத்துல அப்படி நடந்துச்சா?”

“லூர்து கை நசுங்கினப்ப ஒருக்க. பொறவும் ஒண்ணு ரெண்டு நடந்திச்சு.”

“அப்ப அதுவும் பாடத்துல இருக்கு அண்ணாச்சி. வேலைக்கு ஆகாததுன்னு யாரும் பிரிச்சு எடுக்கல. ஆள் விழுந்தா மூட்டையை வை, தட்டு வர்ற வரைக்கும் நில்லு. தூக்குறதை எப்படிக் கத்துக்கிச்சோ இதையும் அப்படியே கத்துக்கிச்சு.”

“கெட்டிக்காரத்தனமா, கிறுக்குத்தனமா?”

“ரெண்டும் இல்ல. அது கிளிப்பிள்ளை மாதிரிகூட இல்ல. கைக்குப் பழக்கம், அவ்வளவுதான்.”

“எட்டு வருசமா ஒருக்ககூடச் செய்யலியே.”

“எட்டு வருஷமா உள்ள ஆளே போகக் கூடாதுல்ல. அடிபடுறதுக்கு ஒரு ஆள்...” சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். “கேமராப் பதிவை நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாங்க அண்ணாச்சி. நான் பாக்கல. பாக்க விடல.”

சங்கக் கொட்டகையில் எல்லாரும் ஏற்கெனவே கூடி, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் விஷயத்தைச் சொன்னதும் சத்தம் இன்னும் கூடியது. நாம் ஸ்டிரைக்கில் இருக்கிறோமா இல்லையா, இருந்தால் மத்தியானத்துக்குப் பிறகு வேலைக்குப் போகலாமா, போனால் நாமே நம் ஸ்டிரைக்கை உடைத்ததாக ஆகுமா என்று ஒருவர் கேட்டார்.

“இரும்பாளு நமக்காக நிக்குன்னா நல்லதுதான?” என்றான் கொம்பையா. “அதுககிட்டயும் சந்தா வாங்கிப் போடுவோம். நம்மள விடக் கட்டுப்பாடா நிக்குதுல்லா.”

“மொதல்ல நீ கட்டு. ஒஞ் சந்தா வந்து எத்தன மாசமாச்சு?” சாக்குத் தைக்கும் ஊசியைக் கொண்டையில் செருகியபடி பேச்சியம்மாள் சொன்னாள். பிறகு சூசைமுத்துவின் பக்கம் திரும்பினாள். “அண்ணே, ஒண்ணு சொல்லுதேன். நேத்து சாயங்காலத்துலருந்து அந்தச் செவப்புத் துண்டுக்காரனக் காணும்.”

“எந்தச் செவப்புத் துண்டு?”

“வடக்க இருந்து வந்த ஆளு. பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கும், சிரிச்சா தெரியும். சிந்துன யூரியாவக் கூட்டி அள்ளுறவன்.”

“வெளியதான கூட்டுவான்?”

“வெளிய எங்க சிந்துது? மூட்ட ஒடையுறது உள்ளதான. இரும்பாளு தூக்கும், கூட்டாதுல்லா. மத்தியானம் மூணாம் வாசல் வழியா உள்ள விடுவாவ. நான் பாத்துருக்கேன்.”

கொட்டகையில் பலர் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“அவன் நம்ம ஆளு இல்லியே,” என்றான் கொம்பையா. “காண்டிராக்டுலா.”

அது உண்மை. போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்த ஆட்களில் நாலைந்து பேர் இதே கொட்டகைக்கு வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்கள். சூசைமுத்து டீ வாங்கிக் கொடுத்து, சங்க விதியில் இடமில்லை என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். விதி அப்படித்தான் இருந்தது. விதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

“லூர்தண்ணன் மட்டும் நம்ம ஆளா?” என்றாள் பேச்சியம்மாள். “அவரு எதிர்ச் சங்கம்லா. அதுக்கு மொத நாளுதான் நம்ம கொடிக்கம்பத்தப் பிடுங்கிப் போட்டாரு. கை நசுங்கினப்ப எல்லாரும் நிக்கத்தான செஞ்சிய?”

“அது அந்தக் காலம்,” என்றான் கொம்பையா.

“அந்தக் காலத்துக் கையத்தான உள்ள வச்சிருக்கான்.”

சூசைமுத்து எழுந்து, கூடவே வந்திருந்த ஃபஸீலாவிடம் கிட்டங்கியைத் திறக்கச் சொன்னார்.

எட்டு வருடமாக அவர் உள்ளே போனதில்லை. அதே மூக்கு எரியும் நெடி, அதே தகரச் சூடு. ஆனால் சத்தம் இல்லை. இரண்டு வரிசையாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இரும்பாட்கள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மூட்டை. மூட்டையின் மேல் பரப்பி வைத்த கை. தலையில் இருந்த கேமராக்கள் எல்லாம் மூணாம் வாசலுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

அவர் நடந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே இரும்பு. பிறகு கைகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்று சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் தூக்கியே வைத்திருந்தது. லூர்து. அடிபட்ட பிறகு அந்த இரண்டு விரல்களையும் ஊன்றாமல்தான் அவன் மூட்டை தூக்கினான். லூர்து இறந்து மூன்று வருடமாகிறது. சூசைமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா, யூரியா நெடியா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மூணாம் வாசலருகே தரை ஈரமாக இருந்தது.

அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். யூரியா கிட்டங்கிக்குள் குடிக்கிற தண்ணீரைக்கூட யாரும் கொண்டு வர மாட்டார்கள். பட்ட இடமெல்லாம் கரைந்து கூழாகிவிடும். இங்கே குடம் குடமாக ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பக்கத்து அடுக்கில் அடி மூட்டை கரைந்து, மேல் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. அந்த ஈரத்தை ஒட்டி நின்ற இரும்பாளின் வலது கையில் பெருவிரல் உள்ளே மடங்கியிருந்தது. அது யாருடைய கை என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் முறிந்து சரியாகச் சேராத அவருடைய பெருவிரல் அப்படித்தான் மடங்கும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கோதண்டராமன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் பேச்சியம்மாளும் கொம்பையாவும் மற்றவர்களும் நின்றார்கள்.

“ரெண்டு தட்டுத் தட்டினாப் போறுமாமே,” என்றார் மேனேஜர். ஃபஸீலா தலையைக் குனிந்துகொண்டாள். வழியில் மடக்கிக் கேட்டிருப்பார், அவளும் சம்பளக்காரிதான். “தட்டிடுங்கோ. உங்க முப்பத்தொரு பேருக்கும் ஒண்ணும் ஆகாது. என் வாக்கு.”

“பேரு என்ன சார்?”

“யார் பேரு?”

“விழுந்தவம் பேரு. பேரச் சொல்லித்தான் தட்டணும்.”

“இங்க யாரும் விழலை. உள்ள ஆளே வர்றது கிடையாது.”

“பொறவு எதுக்குத் தரையக் கழுவுனிய?”

ஃபஸீலா கிட்டே வந்து தணிந்த குரலில், “அண்ணாச்சி, அதுக்குக் காது கிடையாது. பேர் சொன்னாலும் சொல்லாட்டியும் அதுக்கு ஒண்ணுதான். தட்டு விழுந்தா ஓடும்,” என்றாள். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

“அதுக்கு இல்ல. எனக்கு இருக்குல்லா.”

சொல்லிவிட்டாரே தவிர, கை மூட்டைக்கு மேலே அந்தரத்தில்தான் நின்றது. இரண்டு தட்டு. முப்பத்தொரு வீட்டு அடுப்பு. கொம்பையாவின் மகளுக்குப் போன வாரம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் தன் கையையே பார்ப்பது முதுகில் தெரிந்தது. தட்டினால் தப்பா, தட்டாவிட்டால் தப்பா, அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா, இருந்தால் இதனால் அவனுக்கு என்ன ஆகப்போகிறது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பேர் தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கையைக் கீழே இறக்கினார். தட்டவில்லை. மூட்டையின் மேல் பரப்பி வைத்தார், அந்த இரும்புக் கைக்குப் பக்கத்தில்.

“அப்போ இது உங்க ஸ்டிரைக்தான்,” என்றார் கோதண்டராமன்.

“நேத்து இல்ல சார். இப்பருந்து எங்களுதுன்னு எழுதிக்கோங்க.”

“என்ன காரணம்னு எழுதறது? ரோல்லயே இல்லாத ஆளுக்காகன்னா?”

“எங்க ரோல்லயும் அவன் இல்ல. அதையும் சேத்தே எழுதுங்க.”

கொம்பையா வாசலிலிருந்து, “அண்ணாச்சி, யோசிச்சிக்கிடுங்க,” என்றான். ஆனால் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து லூர்துவின் மூட்டை மேல் கை வைத்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் வாசலிலேயே நின்றார்கள். இரண்டு பேர் திரும்பி நடந்ததைச் சூசைமுத்து பார்த்தார், அவர்கள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. பேச்சியம்மாளைக் காணவில்லை.

மேனேஜர் போனை எடுத்துக் காண்டிராக்டரைக் கூப்பிட்டார். “நேத்து அந்த ஆள், ஆமா, அவன் பேரு என்ன? தெரியாதா? உன் ஆள்தானே? டோக்கன் நம்பர் எனக்கு எதுக்குய்யா?” ஆளே வரவில்லை என்று இப்போதுதான் சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எல்லாரையும் பார்த்தார். கோபம் வர வேண்டிய முகத்தில் வழி தெரியாதவனின் முழிப்பு இருந்தது. அவருக்கும் மேலே யாரோ இருந்தார்கள், அவருடைய போனும் அடித்துக்கொண்டே இருந்தது.

பேச்சியம்மாள் ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். காண்டிராக்ட் ஆட்களின் தகர ஷெட்டில் தேடிப் பிடித்திருக்கிறாள். அடிபட்டவனோடு ஒரே பாயில் படுக்கிறவனாம். அவன் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“சொல்லுய்யா, அவம் பேரு என்ன?” என்றாள் பேச்சியம்மாள்.

“துகுனா. துகுனா மாஜி,” என்றான் அவன். “மூட்டை விழுந்தது அண்ணா. கால் மேலே, இடுப்பு மேலே. வண்டியில் கொண்டு போனார்கள். எந்த ஆஸ்பத்திரி சொல்லவில்லை. கேட்டால் வேலை இல்லை சொன்னார்கள்.”

“துகு...?”

“துகுனா.”

“துகுனா,” என்றார் சூசைமுத்து. நாக்குக்குப் பழக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சத்தமாகவே சொன்னார். இனி ‘பாத்துக்கிடுவோம்’ என்று சொல்லித் தட்ட வேண்டியதுதான் பாக்கி. எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனை எப்படிப் பார்த்துக்கொள்வது? அந்தச் சொல் வாயில் வரவில்லை.

“எந்த ஆஸ்பத்திரி சார்?”

கோதண்டராமன் போனோடு வெளியே போனார். கேட்டுவரப் போகிறாரா, போலீசைக் கூப்பிடப் போகிறாரா, ஒருவருக்கும் தெரியவில்லை. தூரத்தில் கப்பல் ஒரு தடவை ஊதி ஓய்ந்தது.

வந்தவனுக்கு இங்கே என்ன நடக்கிறது என்பது விளங்கவில்லை. மனிதர்களும் இரும்புமாக இத்தனை பேர் எதற்கு மூட்டை மேல் கை வைத்து நிற்கிறார்கள் என்று மாறி மாறிப் பார்த்தான். பிறகு, நாமும் வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, சூசைமுத்துவின் மூட்டை அருகே வந்து கையை நீட்டினான். மூட்டையில் இடமில்லை. ஒரு பக்கம் அவர் கை, மறுபக்கம் இரும்புக் கை. நீட்டிய கையோடு அவன் தயங்கி நின்றான்.

பெருவிரல் மடங்கிய அந்த இரும்புக் கை, மெதுவாக நாலு விரற்கடை நகர்ந்து இடம் விட்டது.

ஃபஸீலா திடுக்கிட்டுச் சூசைமுத்துவைப் பார்த்தாள். “இதுவும் ஒங்க பழக்கமா அண்ணாச்சி? யாரும் பக்கத்துல வந்தா நகந்து குடுப்பியளா?”

கை அவருடையதுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்போது, யாருக்கு அப்படி நகர்ந்து இடம் கொடுத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் சூசைமுத்துவுக்கு ஞாபகம் வரவில்லை.